சாவியைக் கழற்றிய பின்னும் ஓடிய கார்

வவுனியாவில் காலை ஐந்தரைக்கு ஏறிய பஸ், ஒன்பது மணிக்கு என்னைத் திருகோணமலையில் இறக்கிவிட்டது. ஏறக்குறைய தொண்ணூற்றைந்து கிலோமீற்றர். கனடாவில் இருக்கும் தம்பி படத்தை மட்டும் பார்த்து ஒரு பழைய ஜெர்மன் டீசல் காரில் ஆசைப்பட்டுவிட்டான். "அக்கா, ஒருக்கா ஓடிப் பாருங்கோ. நல்லதெண்டால் அப்பிடியே வீட்டுக்குக் கொண்டு வாங்கோ" என்றான். என்னிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. காரைப் பற்றிய அறிவு இல்லை.

பத்து மணி. உட்துறைமுக வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் காரின் சொந்தக்காரர் நசீர் நானா காத்திருந்தார். அறுபது வயதிருக்கும். கார் கிறீம் நிறம், ஒரு சின்ன வீட்டைப் போல அகலம்.

"ஐஞ்சு சிலிண்டர், தங்கச்சி. முந்தி டீசல் எண்டால் கூடுதலா லொறிக்கும் ட்ரக்டருக்கும்தான். எழுபதுகளில எண்ணெய் விலை ஏறின நேரம்தான் இப்பிடிச் சொகுசுக் காருக்குள்ள ஐஞ்சு சிலிண்டர் டீசல வச்சாங்க. நாலும் இல்ல, ஆறும் இல்ல. அதான் சத்தம் இப்பிடி."

சாவியைத் திருப்பினேன். மஞ்சள் விளக்கொன்று எரிந்தது. மேலும் திருப்பப் போக, கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொறுங்க. உள்ளுக்குச் சூடாகோணும். லைட் அணைஞ்சாப் பிறகுதான்."

அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடுவில் எங்கும் நிறுத்தாமல் உப்புவெளி வரை போய்வந்தேன். பதினொன்றே முக்காலுக்கு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் இறங்கிக்கொண்டார். "ஜும்ஆத் தொழுகைக்குப் போகோணும். நீங்க சல்லிக் கடற்கரைப் பக்கம் தனியா ஒரு சுத்துப் போய்ட்டு வாங்க." முன்பின் அறியாத ஒருத்தியை நம்பிக் காரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டேகால். சல்லியில், கருவாடு காயும் வெளிக்கு அருகே நிறுத்திச் சாவியைக் கழற்றினேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சாவியைப் பார்த்தேன், கையில்தான் இருந்தது. மறுபடி போட்டு, திருப்பி, கழற்றினேன். ஓடியது. ரேடியோவை அணைத்தேன், விளக்குகளை அணைத்தேன். இறங்கி என் கதவைப் பூட்டினேன். மற்றக் கதவுகள் மூன்றும் பூட்டிக்கொள்ளவில்லை. சாரதிக் கதவைப் பூட்டினால் அவையும் தாமாகவே பூட்டிக்கொள்ளும் என்று நானா சொல்லியிருந்தார். எதை உடைத்தேன் என்றே தெரியவில்லை. நானாவின் தொலைபேசி அணைந்திருந்தது. தம்பிக்கு அழைத்தேன். அங்கே அதிகாலை மூன்று மணி.

"சத்தமாக் கிடக்கு, அக்கா" என்றான் தூக்கத்தில். "காரை நிப்பாட்டிப்போட்டுக் கதையுங்கோ."

கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். சிவராசா என்று பெயர்.

"நிப்பாட்டத் தெரியேல்லையோ?"

"திறப்பு என்ர கையில கிடக்கு. அது ஓடுது."

"டீசல்தானே? அதுக்குக் கரண்ட் தேவையில்லை. காத்தை நெரிச்ச சூட்டிலயே பத்தும். எண்ணெய் போகுமட்டும் ஓடும். எங்கட மீன்பிடிப் போட்டு மெசினும் அப்பிடித்தான்."

முன்மூடியைத் திறந்து குனிந்து தேடினார். ஒரு சின்னச் சிவப்பு நெம்புகோலைக் கண்டு அழுத்தினார். கார் ஒருமுறை குலுங்கி அடங்கியது. கடல் சத்தம் அப்போதுதான் கேட்டது. இனி இது கிளம்புமா என்ற பயமும் அப்போதுதான் வந்தது. விளக்கு அணையும்வரை காத்திருந்து திருப்பினேன். கிளம்பியது.

இரண்டு மணி. நடந்ததைச் சொன்னதும் நசீர் நானா நெற்றியில் கை வைத்தார்.

"அட, உங்களுக்குச் சொல்லாம விட்டுட்டனா? ஒரு ரப்பர் குழாய் வெடிச்சிட்டு. திறப்பக் கழட்டினா அந்தக் குழாய் காத்த உறிஞ்சித்தான் எண்ணெய மறிக்கும். கதவு பூட்டுறதும் அதே உறிஞ்சல்தான். ரெண்டு வருசமாக் கையாலதான் நிப்பாட்டுறன். பழுதெண்டே மறந்து போயிட்டன்."

மறந்தாரா, மறைத்தாரா? முகத்தைப் பார்த்தேன்; பிடிபடவில்லை. காரை உள்ளே விட ஏறினார். மழையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே நிறுத்தி, சொல்லிக்கொண்டே இறங்கி, சொல்லிக்கொண்டே முன்மூடியைத் திறந்து அழுத்தி மூடினார். பேச்சு ஓரிடத்திலும் தடைப்படவில்லை. அவர் மறந்துதான் போயிருக்கிறார் என்று அதில் எனக்கு நம்பிக்கை வந்தது.

"குழாயை மாத்துங்கோ, நானா. தம்பி எடுப்பான். ஆனா இண்டைக்கு என்னால கொண்டுபோக ஏலாது."

"ஓம், அதுதான் நியாயம்" என்றார்.

மூன்றரைக்குப் பழைய பஸ் ஒன்றில் முன் இருக்கை கிடைத்தது. ஹொரவப்பொத்தானையில் தேநீருக்காக நிறுத்தியபோது, சாரதி காலடியில் இருந்த ஒரு கறுப்புக் குமிழைப் பிடித்து இழுத்தார். எஞ்சின் நின்றது. முப்பது வருடம் பஸ்ஸில் போய் வருகிறேன், இதைக் கண்டதேயில்லை. எல்லோரும் இறங்கிப் போனார்கள். உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டு நான் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தேன்.