நாய்க்குட்டிக்குப் போடாத ஊசி

மணவாளக்குறிச்சிக்கு மீன் வாங்கப் போனபோது சந்தை ஓரத்தில் தனியாகக் கிடந்த குட்டி அது. தாயைக் காணவில்லை. என் மகள் தூக்கிக்கொண்டாள், இறக்கவே இல்லை. கணவர் வளைகுடாவில். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். ஒரு துணையாக இருக்கட்டும் என்று கொண்டுவந்தேன்.

சில வாரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு இரண்டு நாளாகப் பால் குடிக்கவில்லை. கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கியது. எப்படியும் தடுப்பூசி போட வேண்டும், அப்போதே காட்டிவிடலாம் என்று கூடையில் வைத்து, மகளையும் கூட்டிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனேன்.

டாக்டரம்மா ஊசிக்காகத்தான் எழுந்து வந்தார். கூடைக்குள் பார்த்ததும் நின்றுவிட்டார். குட்டியின் வாயோரம் எச்சில் நூலாகத் தொங்கியது. அது குரைத்தது. தொண்டை கட்டிய மனிதக் குரல் போல இருந்தது.

“பாப்பாவ தள்ளி நிக்கச் சொல்லுங்க,” என்றார். கையுறை மாட்டிக்கொண்டார். “யாரையாவது கடிச்சுதா?”

“கடிக்கல்ல டாக்டர். வெளையாடும்போ பல்லு படும், அவ்வளவுதான்.”

மகள் கையை நீட்டிக் காட்டினாள். விரல்களில் சின்னச் சின்னக் கீறல்கள், சில இன்னும் காயவில்லை. டாக்டரம்மா அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். மகளுக்கு அது விளையாட்டாக இருந்தது, சிரித்தாள்.

“வெறிநோயா இருக்கலாம். உயிரோட இருக்கிறப்போ உறுதியாச் சொல்ல முடியாது. குட்டிய இங்க கூண்டுல வச்சுக்கிறோம். நீங்க ரெண்டுபேரும் இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போயிட்டுப் போகலாம்னு நெனைக்காதீங்க.”

அங்கே மகளுக்குக் கையில் ஊசி ஒன்று போட்டார்கள். அது போதாதென்று கீறல்களைச் சுற்றி விரல்களிலும் போட வேண்டியிருந்தது. நானும் ஒரு நர்ஸும் மகளைப் பிடித்துக்கொண்டோம். அவள் அலறியதை எழுத என்னால் ஆகாது.

அன்று மாலை கணவர் போனில் அழுதார். “பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா? உள்ளதச் சொல்லு.”

“ஊசி போட்டாச்சுல்லா. ஆவாதுன்னுதான் சொல்லுகாவ,” என்றேன். அவருக்கு வேறு என்ன சொல்ல?

குட்டி கூண்டிலேயே செத்தது. சோதனைக்கு அனுப்பினார்கள்; வெறிநோய்தான். அது படுத்திருந்த சாக்கை எரிக்கப் பக்கத்து வீட்டுக்காரி மண்ணெண்ணெய் தந்தாள். ஆனால் தன் பிள்ளைகளை எங்கள் வாசலுக்கு விடவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மீதி ஊசிகளுக்கு மகள் அழவில்லை. கடைசி ஊசி போட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

“அம்மா, குட்டிக்கு வச்சிருந்த ஊசியத்தான் எனக்குப் போட்டாவளா?”

“இல்ல மக்கா. இது வேற ஊசியாக்கும்.”

“எனக்குப் போட்டதுனாலதான் அது செத்துப்போச்சா?”

இல்லை, இல்லை என்று பலமுறை சொன்னேன். அவள் திரும்பவில்லை. இறங்கும்வரை ஊசி போட்ட கையை மடியில் மறைத்தே வைத்திருந்தாள்.