ரூட்டர் பிட்டுக்குத் தேங்காய் எண்ணெய்

இன்று பேளுக்குறிச்சியில் என் மெஷின் சாமான் கடையைத் திறந்ததும், மலையூரான வளப்பூர் நாட்டிலிருந்து பெரியசாமி வந்து நின்றார். அங்கே புதிதாக, கணினி சொல்கிறபடி பலகை செதுக்கும் சிஎன்சி மெஷின் போட்டவர். கையில் எழுத்து செதுக்கிய வினைல் பிளாஸ்டிக் பலகை.

"ஏனுங்க, எழுத்துல பெயின்ட் ஒட்டவே மாட்டேங்குது. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல குடுக்கோணும். மொத ஆர்டருங்க. இன்னும் ஒரே ஒரு ஷீட்தான் இருக்குது."

எழுத்தின் ஓரமெல்லாம் உருகிப் பிசிறடித்திருந்தது. அது ஏன் என்று எனக்குப் புரிந்தது. பெயின்ட் ஏன் ஒட்டவில்லை? முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்!

"வினைல் உருகி, செதுக்கற பிட்டுல பிசினாட்டம் சுத்திக்குதுங்க. பலாப்பழம் அறுக்கறப்ப கத்திக்கு எண்ணெய் தடவறதில்லீங்களா? அதான் தடவி உட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

தப்பு என்னுடையது. "எல்லாத்துக்கும் ஆகும்" என்று மரத்துக்கான இரண்டு வெட்டுமுனை பிட்டை அவர் தலையில் கட்டியது நான்தான். வினைலுக்கு ஒற்றை வெட்டுமுனைதான் சரி. தூள் வெளியேற இடம் இருப்பதால் அவ்வளவாகச் சூடேறாது. அதை மாற்றிக் கொடுத்து, சுற்றும் வேகத்தையும் குறைக்கச் சொல்லி, எண்ணெயே வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் போன் வந்தது.

"எழுத்து சுத்தமா வந்துருச்சுங்க. பெயின்டும் புடிச்சுக்கிச்சு. ஏனுங்க, இதை பிட் குடுத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்லங்க?"

"மறந்துட்டேனுங்க" என்றேன்.

உண்மையில் அன்றைக்கு எனக்கே தெரியாது. அப்புறம் நாலு பேர் கடைக்கு வந்து திட்டித்தான் கற்றுக்கொண்டேன்.

கடை வைத்திருக்கும் நண்பர்களே, நீங்கள் இப்படி 'மறந்தது' என்னென்ன?