கூடுதல் எலக்ட்ரானை நீக்கித் தந்த அன்னை

வேளாங்கண்ணி அன்னையின் பிள்ளைகளே, போன ஆகஸ்ட் மாதம் நான் பிஎச்.டி. படிப்பையே விட்டுவிடும் நிலையில் இருந்தேன். தஞ்சாவூரில் கண்டென்ஸ்டு மேட்டர் தியரி படிக்கிறேன். திடப்பொருளுக்குள் எலக்ட்ரான்கள் என்ன செய்கின்றன என்று கணக்குப் போடும் படிப்பு. அணுக்களை வளையமாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு எலக்ட்ரான் இருக்கிறது என்று என் புரோகிராம் கூட்ட வேண்டும். கூட்டியது. ஆனால் நான் உள்ளே போட்ட எலக்ட்ரானைவிட எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. களத்தில் நெல் அதிகம் வந்தால் சந்தோஷப்படலாம். இயற்பியலில் அது அவமானம்.

எட்டு மாதம் தேடினேன். தப்பு கிடைக்கவில்லை. "எலக்ட்ரானை நீங்களே உற்பத்தி பண்றீங்களாம்மா?" என்று கேட்டார் என் கைடு. மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் மூன்று வருட வேலையைத் தூக்கிப் போட வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். அன்று பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

நான் வைத்த மன்றாட்டைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் கணக்கு சரிதான் தாயே, இயற்கையில்தான் ஏதோ தப்பு, அதைக் கொஞ்சம் பாரும் என்று கேட்டேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டேன்.

எங்கள் நடைபயணக் குழுவில் செபமாலை சொல்பவள் என் நாத்தனார். என்னைவிட இரண்டு வயது சின்னவள். கையில் மைக், வாயில் கண்டிப்பு. கல்யாணமான நாள் முதல் அவளைக் கண்டால் நான் ஒதுங்கித்தான் போவேன். நீடாமங்கலம் தாண்டியதும் என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தி, மைக்கைக் கொடுத்து, சொல்லச் சொன்னாள். எனக்கோ காலில் வலி, மனதில் எலக்ட்ரான். மாலையின் இரு முனையும் சேரும் பதக்கத்தில் தொடங்கி, பத்துப் பத்தாக ஐந்து சுற்று மணிகளும் முடிந்து, அதே பதக்கத்துக்கு வந்துவிட்டதைக் கவனிக்காமல் அடுத்த பத்துக்கான பரலோக மந்திரத்தை ஆரம்பித்துவிட்டேன். மைக்கை வாங்கினாள். அதை அணைத்துவிட்டுப் பேசுவாள் என்று நினைத்தேன்.

"அண்ணி, அது ஆரம்பிச்ச இடம். அங்க ஏற்கனவே சொல்லியாச்சு. சுத்தி வந்தா முதலும் கடைசியும் ஒண்ணுதானே? ரெண்டு தடவ எண்ணுறீங்க."

குழுவில் அத்தனை பேரும் கேட்டார்கள். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். என் வளையத்திலும் முதல் அணுவைக் கடைசியில் மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

குழுவோடு வந்த சாமான் வண்டிக்கு ஓடினேன். சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கூடவே கொண்டுவந்திருந்த லேப்டாப்பைத் திறந்து, ஓர் எண்ணில் ஒன்றைக் குறைத்தேன். போட்ட எலக்ட்ரான் மட்டும் வந்தது. துளியும் கூடுதலாக வரவில்லை. விம்மி விம்மி அழுதேன். கொப்புளம் உடைந்துவிட்டது என்று நினைத்து ஒரு அக்கா காலில் மருந்து தடவிவிட்டார். நான் தடுக்கவில்லை, கொப்புளமும் இருந்தது.

கைடிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஆய்வேட்டின் அடுத்த அத்தியாயத்தையும் உங்கள் நாத்தனாரிடம் காட்ட முடியுமா என்று கேட்டார்.

இயற்கையைத் திருத்தச் சொன்னேன். அன்னை என்னைத் திருத்தினார். இப்போது சனிக்கிழமை செபமாலைக்கு நாத்தனார் பக்கத்தில்தான் உட்காருகிறேன். வழியே இல்லை என்று இருப்பவர்களே, அன்னையிடம் கேளுங்கள். பதில் நிச்சயம் வரும். நீங்கள் ஒதுங்கிப் போகும் ஆளின் வாயிலிருந்தும் வரலாம்.

ஒரே ஒரு விஷயம். மைக்கை அணைக்க மறந்துதான் போனதாக எழுதச் சொல்லியிருக்கிறாள் நாத்தனார். எழுதிவிட்டேன். அதை நம்புவதும் விசுவாசத்தில் சேர்த்திதான்.