ஃப்ரிட்ஜ்காரர் கேட்காத சத்தம்

மண்டியிட்டு, பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜின் முதுகில் காதை ஒட்டவைத்திருக்கிறார் ஒருவர். நெஞ்சைச் சோதிக்கிற டாக்டர்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார். பால் எடுக்க வந்த அந்த வீட்டுக்காரம்மா பாத்திரமும் கையுமாக நிற்கிறார். "கொஞ்சம் இருங்கம்மா, இப்ப நிக்கும்." ஃப்ரிட்ஜ் நிற்கிறது. சமையலறை திடீரென்று ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது போலிருக்கிறது. "பாத்தீங்களா, முதுகு சிலிர்க்குதுல்ல?" வீட்டுக்காரம்மாவுக்குச் சிலிர்க்கவில்லை. அவருக்குப் பால்தான் வேண்டும்.

சினிமாவுக்கு ஒலி அமைப்பது இவர் தொழில். அதிலும் மர்மப் படங்கள், அதிலும் முதல் நாலு நிமிடம். மீதி இரண்டு மணி நேரத்தில் யார் யாரைக் கொன்றாலும் இவருக்குக் கவலை இல்லை. "ஜனங்க வந்து உக்காந்து, போனை அணைச்சு, பக்கத்து சீட்டுல யாருன்னு பாத்து முடிக்கறதுக்குள்ள வயித்துல ஒரு கல்லைப் போட்டுடணும். அப்புறம் படம் எவ்வளவு மோசமா இருந்தாலும் கல்லு இறங்காது." இந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே தயாரிப்பாளர்கள் இவரைத் தேடி வருகிறார்கள்.

கல்லைப் போடுவதில் பலருக்கும் பங்கு உண்டு. கேமராக்காரர் கதவின் கைப்பிடியை நெருங்கிக் காட்டுவார், அது திரும்பாது. நடந்து வருகிறவனின் செருப்பைக் காட்டுவார். முகத்தைக் காட்ட மாட்டார். எடிட்டர் வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் இரண்டு மூச்சு தள்ளி வெட்டுவார். இசையமைப்பாளர் வயலின்காரர்களை வியர்க்க வைப்பார். இத்தனை பேர் பாடுபட்டு வளர்த்த பயத்துக்கு நடுவில் இவர் செய்கிற காரியம் ஒன்றே ஒன்று. ஃப்ரிட்ஜை நிறுத்துவார். ஒரு பெண் வீட்டுக்குள் வருகிறாள், சாவியை வைக்கிறாள், கை கழுவுகிறாள். பின்னால் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருப்பதை ஒருவரும் கவனிப்பதில்லை. மூன்றாவது நிமிடம் அது நிற்கிறது. ஏன் என்று தெரியாமலே அரங்கில் நானூறு பேர் நிமிர்ந்து உட்காருகிறார்கள். "சத்தத்தைச் சேத்து பயமுறுத்தறவன் தகர டப்பா தட்டறவன். இருக்கறதை எடுத்து பயமுறுத்தணும்."

இப்படித்தான் ஃப்ரிட்ஜ்காரர் ஆனார். சொந்தப் பெயர் திரையில் ஓடும்போது ஜனங்கள் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இதுவரை நாற்பத்தொரு ஃப்ரிட்ஜ்களைப் பதிவுசெய்து, குணம் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்: அஜீரணம், சின்ன மாமியார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதல் குசலம் சமையலறையில்தான். "கல்யாணமான புதுசுல இவரு எங்க அப்பா வீட்டுக்கு வந்தாரு," என்பார் மனைவி. "மூணு மணி நேரம் ஃப்ரிட்ஜோடயே இருந்தாரு. மாப்பிள்ளை அதையே கூட்டிட்டுப் போயிருக்கலாமேன்னு எங்க அப்பா கேட்டுட்டாரு."

இன்னொரு வீம்பும் உண்டு. இந்தக் காலத்தில் எந்தச் சத்தத்தையும் கணினித் திரையில் கோடு கோடாகப் பார்த்துவிடலாம். இவர் அந்தத் திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்திருந்தார். "காதுக்கு எதுக்கு மூக்குக் கண்ணாடி?"

போன படத்துக்கு எடுத்தது அஜீரணத்தை. அது நின்ற பிறகு மிஞ்சும் வெற்று அறையின் அமைதியையும் சேர்த்துப் பதிவுசெய்வது இவர் வழக்கம். அந்த அறையில் யாரோ ஒருவரின் போன் சார்ஜர் சுவரில் சொருகியபடி கிடந்தது. அது ஊசி முனை மாதிரி மெல்லிய குரலில் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. இவருக்கு அது கேட்கவில்லை. ஊசியோடு அமைதியைக் கொண்டுவந்து படத்தில் வைத்துவிட்டார்.

படம் வெளியானது. ஃப்ரிட்ஜ் நின்றதும் ஜனங்கள் தாடையைப் பிடித்துக்கொண்டார்கள். எலும்புக்குள் இறங்கும் அமைதி என்று ஒரு பத்திரிகை எழுதியது. டைரக்டர் ஓடி வந்து கட்டிக்கொண்டார். "அந்த ஊசிச் சத்தம் எங்கேர்ந்துண்ணே புடிச்சீங்க?" எந்த ஊசி என்ற கேள்வி இவர் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "அது தொழில் ரகசியம் தம்பி" என்றார்.

வீட்டில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மனைவி சிரிக்கவில்லை. "ஆமா, 'ஙீ'ன்னு ஒண்ணு வருது. எனக்கு மண்டை வலியே வந்துடுச்சு. வேணும்னுதான் வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

அன்றைக்குத்தான் திரையின் மேலிருந்த துண்டை எடுத்தார். உச்சியில் முடி மாதிரி ஒரு கோடு, அறுபடாமல் போய்க்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியை முழுக்கத் திறந்தார். அடுத்த அறையில் மனைவி காதைப் பொத்திக்கொண்டு, "போதுங்க, நிறுத்துங்க" என்றார். இவருக்குக் கேட்டது ஒரு காலி அறை.

காது டாக்டர் இவரை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். வாழ்நாளில் இவ்வளவு சுத்தமான அமைதியை இவர் கேட்டதில்லை. அதில் பாதி நேரம் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது என்பது வெளியே வந்தபிறகு தெரிந்தது. குழந்தைகள் பூங்காவின் சறுக்கு மரம் மாதிரி ஒரு கோட்டைக் காட்டினார் டாக்டர். "இது ஏறாதுங்க. மெதுவா இன்னும் இறங்கும். முதல்ல பறவைங்க, அப்புறம் பேச்சுல சில எழுத்துங்க, அப்புறம் பொம்பளைங்க குரல்."

"அப்ப இவருக்கு நிம்மதிதான்," என்றார் மனைவி. டாக்டர் சிரித்தார். மனைவி கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்து, வீடு வந்து சேரும் வரைக்கும் தேடிக்கொண்டே இருந்தார்.

மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். "காதுல மெஷின் மாட்டினவன்கிட்ட எவன் சத்தம் கேட்டு வருவான்?" விஷயம் வெளியே தெரிந்தால் தொழில் அன்றோடு சரி. வேறு தொழிலும் தெரியாது. ஃப்ரிட்ஜை நிறுத்தத் தெரியுமே தவிர, ரிப்பேர் பார்க்கக்கூடத் தெரியாது.

அதே டைரக்டர் அடுத்த படத்தோடு வந்தார். "ஊசி இந்தத் தடவை இன்னும் ஆழமா இறங்கணும்ணே."

"இறக்கிடலாம்," என்றார் ஃப்ரிட்ஜ்காரர்.

பழைய சார்ஜர்களாகப் பொறுக்கிக்கொண்டு வந்து வீட்டிலேயே பதிவுசெய்தார். ஹெட்போன் மனைவியின் தலையில் ஏறியது. "இது எப்படி?" "கொசு." "இது?" "பல்லு கூசுது." "இது?" "அந்தப் படத்துல வந்ததேதான். நான் எழுந்து போயிடட்டுமா?" ஊசி தயாராகிவிட்டது.

ஒலிக்கலவைக் கூடத்தில் டைரக்டருக்குப் போட்டுக் காட்டியது மதியம் மூன்று மணிக்கு. மாத்திரை கொடுக்க வந்ததாகச் சொல்லி, மனைவி பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். ஏற்பாடு எளிமையானது. மனைவியின் கை இவர் தோளில் இருந்தால் ஊசி ஓடுகிறது. கையை எடுத்தால் நின்றுவிட்டது. மேசையில் சத்தத்துக்கு ஒன்றாக எட்டு ஃபேடர்கள். கீழே இழுத்தால் அந்தச் சத்தம் அடங்கும். ஊசி ஐந்தாவது.

முதல் தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. கை வந்தது, இருந்தது, போனது. டைரக்டர் தலையாட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, படிப்பதற்காக மேசை ஓரத்து விளக்கைப் போட்டார்.

"நேத்து தோணிச்சுண்ணே. அந்தப் பொண்ணு கை ஸ்விட்சுகிட்ட போகும்போது, ஒரே ஒரு மூச்சு ஊசியை எடுத்துடுவோம். உங்க பாணியேதான், எடுத்து பயமுறுத்தறது. நீங்களே கையால எடுங்க. கோடு காட்டற திரையை அணைச்சுட்டேன், உங்களுக்குத்தான் பிடிக்காதே."

படம் ஓடியது. சாவி. தண்ணீர். தோளில் கை வந்தது. அவள் விரல்கள் ஸ்விட்சை நெருங்கின. ஐந்தாவது ஃபேடரைக் கீழே இழுத்தார். தோளில் இருந்த கை அசையவில்லை.

"எடுங்கண்ணே."

எண்ணிக்கையில் தவறிவிட்டோம் என்று நினைத்தார். ஆறாவதை இழுத்தார், ஃப்ரிட்ஜ் நின்றது. கை அசையவில்லை. நாலாவது; தண்ணீர் போயிற்று. மூன்றாவதில் அவள் மூச்சு போயிற்று, இரண்டில் காலடி, ஒன்றில் தெரு. திரையில் அந்தப் பெண் ஊமையாக நடந்துகொண்டிருந்தாள். ஏழையும் எட்டையும்கூட இழுத்துவிட்டார். அவருக்கு இதைவிடச் சுத்தமான அமைதி கிடையாது. தோளில் இருந்த விரல்கள் இறுகின.

"இன்னும் கேக்குதேண்ணே," என்று சொல்லிக்கொண்டே டைரக்டர் மேசையைப் பார்த்தார். எட்டும் அடியில் கிடந்தன. படத்திலிருந்து வர இனி ஒரு சத்தமும் பாக்கி இல்லை. மிச்சச் சத்தம் வேறு எங்கிருந்தோ வருகிறது என்பது காதுள்ள யாருக்கும் தெரிந்திருக்கும். டைரக்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஓரத்து விளக்கைப் பார்த்தார். அதில் புதிதாகப் போட்ட மலிவு பல்புதான் அத்தனை நேரமும் கத்திக்கொண்டிருந்தது. கையை நீட்டி அதை அணைத்தார்.

தோளிலிருந்து கை விலகியது.

டைரக்டர் மெதுவாக இவர் பக்கம் திரும்பினார். ஃப்ரிட்ஜ்காரர் அவரைப் பார்க்கவில்லை. இருட்டில் குனிந்து, ஏதாவது ஒன்று மேலே ஏறிவிடப்போகிறது என்பது போல, எட்டு ஃபேடர்களையும் இரண்டு உள்ளங்கையாலும் அடியிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.