கேக்கு, பிஸ்கட், ஒரு கிட்டார்

கடையில் இருந்தவர்கள் இவர்கள். நான். என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் ரெனே, பிலிப்பைன்ஸ்காரன், லீவு நாளில் கிட்டார் வாசிப்பவன். வண்டி ஓட்டிக் கூட்டிவந்த மைதீன் அண்ணாச்சி, நம்ம ஊர்ப் பக்கத்துச் சுரண்டைக்காரர். கிட்டார் விற்கிற லெபனான்காரர். ஷார்ஜாவில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். நாலு பேரும் ஒரு கிட்டாரைச் சுற்றி நின்று கேக்கு, பிஸ்கட் என்று பேசிக்கொண்டிருந்தோம். வெளியே நின்று கேட்டவன் பேக்கரி என்று நினைத்திருப்பான்.

எனக்கு ஊர் தென்காசி. இங்கே ஏசி டக்ட் செய்கிற பட்டறையில் வேலை. நாள் முழுக்கத் தகரத்தை மடிக்கிறோம், அடிக்கிறோம். காது மங்கிப்போச்சு. போனது திரும்பாது, இருக்கிறதைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றார் டாக்டர். வீட்டுக்குப் போன் போட்டால் என் மனைவி செல்வி, "கேக்கா?" என்பாள். "கேக்கு, கேக்கு" என்று நான் கத்துவேன். கேட்கிறது என்பதை நாம் அப்படித்தானே சொல்லுவோம். ரெனேவுக்கு அது எப்படித் தெரியும்? இந்த ஆள் தினமும் பொண்டாட்டியிடம் கேக் கேட்கிறான், அவள் கொடுக்கிறதே இல்லை என்று நினைத்திருக்கிறான். ஒருநாள் வேலை முடிந்து வருகிறேன், என் கட்டிலில் ஒரு கேக். மேலே க்ரீமில் என் பெயர். "உன் வீட்டுக்காரி பாவம், தூரத்தில் இருக்கிறாள். இதைச் சாப்பிடு" என்றான். விஷயத்தை விளக்கியபோது தரையில் உட்கார்ந்து சிரித்தான். அதிலிருந்து என்னிடம் எதைச் சொன்னாலும் கடைசியில் "கேக்?" என்று ஒன்று போடுவான். தன் காசில், காரணமே தெரியாமல், அடுத்தவன் ஆசைக்குக் கேக் வாங்குகிற மனுஷன். எனக்கு அவன்மேல் பெரிய மரியாதை.

அவன் வாசிக்கும்போது நான் விரலைப் பார்ப்பேன். சத்தம் பாதிதான் வரும். காது முழுக்க அடைகிறதுக்குள் நானும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் அவன் கிட்டாரை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். ஏசி இரைகிற அறை. ஆறு கம்பியில் தடித்த மூன்றுதான் கேட்டது. செல்வியிடம் சொன்னேன்.

"காது கேக்காத ஆளுக்குக் கிட்டார் ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள்.

சரிதான் என்று விட்டுவிட்டேன். நான் தட்டிப் பார்த்ததைக் கண்டிருந்த ரெனே விடவில்லை. ரெசொனேட்டர் கிட்டார் என்று ஒன்று இருக்கிறது என்றான். வயிற்றுக்குள் அலுமினியத்தில் ஒரு கூம்பு. கம்பியின் அதிர்வை அது வாங்கி வெளியே எறியும். ஸ்பீக்கர் வைக்க வழியில்லாத காலத்தில், கூட்டத்து இரைச்சலுக்கு நடுவே கேட்கட்டும் என்று எவனோ யோசித்துச் செய்தது. வெறும் தகடு, கரண்டு கிடையாது. தகட்டிலேயே காதைத் தொலைத்தவன் நான். தகட்டை வைத்தே ஒருவன் இப்படியும் செய்திருக்கிறான்.

கடையில் முதலில் பார்த்தது முழுக்க உலோகத்தில் செய்தது. முகம் தெரிகிற பளபளப்பு. விலையைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திருப்பி வைத்தேன். என் ஓவர்டைம் காசுக்கு மர உடம்புதான் கட்டுப்படியாகும். அதில் கழுத்து சதுரமாக இருப்பது மடியில் படுக்கப்போட்டு வாசிக்க மட்டும்தான் ஆகும். புதிதாகப் பழகுகிறவனுக்கு உருண்டைக் கழுத்தே நல்லது என்றான் ரெனே. அப்படி இரண்டு மிஞ்சின. கூம்பை மூடிய ஓட்டைத் தகட்டை மைதீன் அண்ணாச்சி தடவிப் பார்த்தார்.

"ஏலே, இது ஏசி க்ரில்லுல்லா? பட்டறை வேலைய ரூமுக்கும் தூக்கிட்டு வாறியாக்கும்."

லெபனான்காரர் ஒன்றைக் காட்டி, "திஸ் ஒன், பிஸ்கட்" என்றார்.

"நோ பிஸ்கட்" என்றான் ரெனே, முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல். "ஹி வான்ட் கேக்."

அவர் தெருக்கோடியில் பேக்கரி இருக்கிறது என்று கை காட்டினார். மைதீன் அண்ணாச்சிக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, கூம்பின் உச்சியில் கம்பிகளைத் தாங்குகிற வட்டக் கட்டைக்குப் பெயரே பிஸ்கட்டாம். இன்னொன்றில் கட்டைக்குப் பதிலாக எட்டுக்கால் சட்டம். அது ஸ்பைடர்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். முகத்தைப் பார்த்தால் கேட்காததையும் கேட்டது என்று சொல்லிவிடுவேன். ரெனே பின்னால் நின்று ஒவ்வொரு கம்பியாகத் தட்டினான். "கேக்?" "கேக்கு." "கேக்?" "கேக்கு." ஸ்பைடரில் நான்கு கேட்டது. பிஸ்கட்டில் ஐந்து. ஆறாவது வரவே இல்லை. இன்னும் தட்டவில்லையே என்று திரும்பினால், தட்டி முடித்துவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறான். கிட்டாரை என் நெஞ்சோடு அணைத்துவைத்து, அந்த மெலிந்த கம்பியை மறுபடி தட்டினான். விலா எலும்பில் வந்தது.

"பிஸ்கட்" என்றேன்.

கல்யாணமான புதிதில் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போயிருந்தோம். தலையைத் துவட்டிக்கொண்டே செல்வி ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. நான் சொன்னது அவளுக்கும் கேட்கவில்லை. அங்கன நிற்கிற எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் செவிடுதான். அப்போது என் காது நன்றாக இருந்தது.

இப்போது சீசன். போன வாரம் நான் போன் போட்டபோது அவள் தங்கச்சியோடு ஐந்தருவியில் நின்றாள். நல்ல தண்ணி என்றாள். போனில் அருவி எனக்கு வெறும் கரகரப்புதான். போனைக் கட்டிலில் சாய்த்துவைத்து, கிட்டாரை மடியில் எடுத்தேன்.

"ஏட்டி, தட்டுதேன். எத்தனை கம்பி கேக்குன்னு எண்ணிச் சொல்லு."

"இந்த இரைச்சல்லயா? சரி, தட்டுங்க."

மேலிருந்து கீழாக ஆறையும் தட்டினேன். இங்கே என் காதுக்கு வந்ததை நானும் எண்ணினேன்.

"கடைசி ஒண்ணு தட்டுனீங்களா இல்லையா?" என்றாள். "அருவி முழுங்கிட்டு."

"எத்தனை கேட்டுச்சு?"

"அஞ்சு."

எனக்கும் அஞ்சு.