கேட்காமல் விட்ட வரி

பால் சொசைட்டியில் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது, மரகதம் அக்கா இறந்துவிட்டதாகப் போன் வந்தது. முந்தின நாள் சாயங்காலம்கூட வந்து பால் ஊற்றிவிட்டுப் போனவர்.

சேவுகம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. கணவர் இல்லாத வீட்டில் கேட்க மாட்டோம். அதை இரக்கம் என்றே விழாக் கமிட்டிச் செயலாளரான நானும் நினைத்திருந்தேன்.

அக்காவின் கணவர் தவறிய மறுவருடம் வசூலுக்குப் போனோம். அவர் பணத்தோடு வாசலில் நின்றார். நாங்கள் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தோம்.

மறுநாள் பாலை ஊற்றியபடியே கேட்டார். "ஏன் தம்பி, எங்க வீட்டத் தாண்டிப் போனீக?"

"ஒங்களுக்கு வரி இல்லக்கா."

"நாலு மாடு வச்சிருக்கேன். ரெண்டு பொண்ணக் கட்டிக் குடுத்திருக்கேன். நான் இந்த ஊர்க்காரி இல்லையா? இந்தா, எம்பேர நோட்டுல எழுதிக்க."

வாங்கிக்கொண்டேன். பெரியவர்களிடம் பேசப் பயம். பணத்தை அம்மன் உண்டியலில் போட்டுவிட்டு, "எழுதியாச்சுக்கா" என்றேன். அப்புறம் ஒவ்வொரு வருடமும் அதே பணம், அதே பொய். அவர் ஒருநாளும் நோட்டைக் காட்டு என்று கேட்கவில்லை. என்னை அம்புட்டு நம்பினார்.

வரி நோட்டில் பெயர் உள்ளவர் இறந்தால் ஊர்ப் பொதுப் பணத்தில் மாலை எடுத்துக் கழுத்தில் போடுவது வழக்கம். போன் வந்ததும் அந்த மாலையைக் கேட்டு நாட்டாமையிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைப் புரட்டினார்.

"பேரு இல்லையேப்பா. இருந்தா நானே மாலையக் கொண்டு வந்திருவேனே."

நோட்டு முழுக்க என் கையெழுத்து. நடந்ததைச் சொல்லாமலே கிளம்பினேன். வத்தலக்குண்டுக்குப் போய் ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

வாசலில் மூத்த மகள், "ஊர் மாலையாண்ணே?" என்றார்.

"இல்லம்மா. நான் வாங்கினது."

"அப்பக் காலடியில வைங்கண்ணே. கழுத்துக்கு ஊர் மாலை வரும்னு அம்மா சொல்லி வச்சிருக்காங்க. வரி கட்டுனவங்கல்ல."

காலடியில் வைத்தேன். தூக்கும்வரை அந்தக் கழுத்தில் யாரையும் மாலை போட மகள்கள் விடவில்லை. தெருமுனையை மூத்த மகள் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் ஒன்றும் தெரியாதவன் போல அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போய் வாருங்கள் அக்கா. உங்கள் பெயரை இனி எந்த நோட்டில் எழுதுவேன்?