திரைக்குப் பின்னால் இரண்டு மிருதங்கங்கள்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அண்ணனிடம் இரண்டு மிருதங்கங்கள் இருந்தன. பழையது தஞ்சாவூரிலிருந்து கப்பலில் வந்தது. புதியது பக்கத்து ஊரான மந்தினின் தச்சர் ஒருவர் உள்ளூர்ப் பலாமரத்தில் கடைந்தது. கப்பல் மிருதங்கத்தைக் கொடுத்தால் ஒரு மூட்டை அரிசி தருவதாகச் சிரம்பான் கடைக்காரர் ஒருவர் சொல்லியனுப்பினார். அண்ணனின் பிள்ளை மரவள்ளிக் கஞ்சி ஒத்துக்கொள்ளாமல் கண் குழிந்து கிடந்தான்.

தோட்டத்துப் பஜனைக்காரர்கள் விடவில்லை. “அது போனா ராமரே எந்திரிச்சுப் போயிருவாருலா,” என்றார் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்.

நான் சிரம்பானில் இங்கிலீஷ் படித்தவன். சண்டையில் பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து வீட்டில் கால் தரிக்காது. “கப்பல்ல வந்ததுன்னு தெரிஞ்சுதானே தலையாட்டுறீங்க? பார்க்காம கேளுங்க!” என்றேன். அண்ணன் உடனே சம்மதித்தார்.

கோயிலில் அண்ணியின் சேலையைத் திரையாகக் கட்டினோம். அண்ணன் உள்ளே இருந்து ஒவ்வொன்றாக வாசித்தார். முதலாவது தகரத்தைத் தட்டியதுபோல் இருந்தது. இரண்டாவது நெஞ்சுக்குள் இறங்கியது. எல்லாரும் இரண்டாவதுக்கே கை தூக்கினோம். திரையை விலக்கினால், புதியது!

“அடப்பாவி, இத்தனை வருசமா கப்பலுக்கா தலையாட்டினோம்?” என்று சிரித்தார் மண்டோர்.

“காது பொய் சொல்லாதுண்ணே,” என்றேன்.

“சரிதாண்டா,” என்று விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பழையதை உறையில் போட்டுக் கட்டினார் அண்ணன்.

அரிசி வந்தது. பிள்ளை எழுந்து உட்கார்ந்தான். இரண்டு மாதத்தில் அண்ணனைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துப் போனார்கள். அவர் திரும்பவில்லை.

ஒருநாள் மனம் தாளாமல் புதியதை மடியில் எடுத்தேன். ரவையைப் பிசைந்து இடப்பக்கத் தோலில் அப்பினால்தான் மிருதங்கத்துக்குக் கனத்த நாதம் வரும். ரவைக்கு எங்கே போவது? வெறுந்தோலில் தட்டினேன். தகரச் சத்தம். அன்று திரைக்குப் பின்னால் முதலில் கேட்ட அதே சத்தம்.

அண்ணியிடம் ஓடினேன். “அன்னிக்கு அண்ணன் ரெண்டுக்கும் ரவை வெச்சாரா?”

“புதுசுக்கு மட்டும்தான் தம்பி. பிள்ளைக்கு வெச்சிருந்ததுல கொஞ்சம் வாங்கிட்டுப் போனாரு. பழசு தோத்தாத்தான் அவங்க விடுவாங்கன்னாரு. ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு. ‘அவன் ஜெயிச்சதாவே நெனைச்சுக்கட்டும்’னாரு.”

காது பொய் சொல்லாது என்று நான் மார்தட்டிய நேரத்தில், அவர் வேட்டியில் துடைத்தது அந்த ரவையைத்தான்.